ரசீதில் இடம்பெறாத சிகிச்சை
(புகைப்பழக்கத்தை விட உதவியதற்கு யார் பணம் கொடுத்தார்கள்? – ஒரு வரலாற்றுப் பார்வை)

முன்னுரை

புதுச்சேரி நெல்லித்தோப்பில் வசிக்கும் ஒருவருக்கு நெஞ்சுவலி வருகிறது. தனியார் மருத்துவமனையில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முப்பது ஆண்டுகளாகப் பீடி குடித்தவர். வீட்டுக்குப் புறப்படும்போது அவர் கையில் நீளமான ரசீது ஒன்று தரப்படும். படுக்கைக்கு இவ்வளவு, ஸ்டென்ட்டுக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, பரிசோதனைக்கு இவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். பாலிசி இருந்தால் அதில் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் கட்டிவிடும். ஆனால் மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் அந்த ரசீதில் இருக்காது. "இனிமேல் பீடியைத் தொடாதீங்க" என்பதே அந்த வாக்கியம்!

அந்த வாக்கியத்துக்கு விலை இல்லை. விலை இல்லாததாலேயே பெரும்பாலும் அது ஒரே வாக்கியத்தோடு முடிந்தும் விடுகிறது. எப்படி விடுவது, எப்போது விடுவது, மறுபடி ஆசை வந்தால் என்ன செய்வது, எந்த மருந்து உதவும் என்று உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

புகைப்பழக்கத்தை விட உதவுவதும் ஒரு சிகிச்சைதான் என்று உலகம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆனது. அந்தச் சிகிச்சைக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை கண்டது. இந்தியா கண்ட விடை என்ன, அது எங்கே நின்றுபோனது என்பதை வரலாற்றின் வழியே பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்தாக வந்த புகையிலை

இன்று மருத்துவர்கள் எதிர்க்கும் புகையிலை, ஒரு காலத்தில் மருந்தாகவே பரவியது என்பது வியப்பான செய்தி. போர்ச்சுகல் நாட்டில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ, 1560ஆம் ஆண்டு வாக்கில் புகையிலையைப் பிரான்சு அரச குடும்பத்துக்கு அனுப்பி வைத்தார். அது பல நோய்களைத் தீர்க்கும் மூலிகை என்று அவர் நம்பினார். அவர் பெயரிலிருந்தே 'நிக்கோட்டின்' என்ற சொல் பிறந்தது.

இந்தியாவுக்குப் புகையிலையைக் கொண்டு வந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். பிஜப்பூருக்குத் தூது சென்று திரும்பிய ஆசாத் பேக் என்பவர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்பரின் அவைக்கு அதை எடுத்துச் சென்றார். அக்பர் ஆவலோடு புகைத்துப் பார்த்தார். அப்போது அரண்மனை வைத்தியர் குறுக்கிட்டார். நம் நூல்களில் எழுதப்படாத, இதுவரை சோதிக்கப்படாத ஒரு பொருளை மன்னர் பயன்படுத்தக் கூடாது என்பது அவருடைய வாதம். இந்திய மண்ணில் புகைக்கு எதிராக ஒரு மருத்துவர் சொன்னதாகப் பதிவான மிகப் பழைய அறிவுரைகளில் இதுவும் ஒன்று. அரண்மனை வைத்தியருக்குத் தனி ரசீது தேவைப்படவில்லை. அவர் மன்னரிடம் சம்பளம் வாங்குபவர் அல்லவா! அடுத்து வந்த ஜஹாங்கீர் 1617இல் புகையிலையைத் தடை செய்தார். தடை நிலைக்கவில்லை.

தமிழகத்திலும் புகையிலை வேகமாக வேரூன்றியது. தமிழின் 'சுருட்டு' என்ற சொல்லே ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. 20ஆம் நூற்றாண்டில் பீடியும் சிகரெட்டும் சுருட்டின் இடத்தைப் பிடித்தன.

கெட்ட பழக்கம் நோயான கதை

யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி எழ வேண்டுமானால், முதலில் அது மருத்துவ விஷயம் என்று ஏற்கப்பட வேண்டும். அது இரண்டு கட்டங்களாக நடந்தது.

முதல் கட்டம்: புகை நோயைத் தருகிறது என்று நிரூபிக்கப்பட்டது. 1950இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோரும், அமெரிக்காவில் விண்டர், கிரஹாம் ஆகியோரும் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1962இல் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியும், 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரும் தங்கள் அறிக்கைகளில் இதை உறுதி செய்தனர்.

இதை உடனே கணக்கில் எடுத்துக்கொண்டவர்களில் காப்பீட்டு நிறுவனங்களும் உண்டு. 1964இலேயே அமெரிக்காவின் ஸ்டேட் மியூச்சுவல் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம், புகைக்காதவர்களுக்குப் பிரீமியத்தைக் குறைத்தது. அதாவது புகைப்பவரால் வரும் செலவு எவ்வளவு என்று காப்பீட்டுத் துறைக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் அதை விடுவதற்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இரண்டாம் கட்டம்: புகைப்பது மன உறுதி குறைவால் அல்ல, நிக்கோட்டின் அடிமைத்தனத்தால் என்று ஏற்கப்பட்டது. சுவீடனில் ஓவே ஃபெர்னோ என்ற வேதியியலாளர், நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாமல் தவித்த மாலுமிகளின் அனுபவத்தைக் கேட்டறிந்து, நிக்கோட்டின் கலந்த சூயிங்கம் ஒன்றை உருவாக்கினார். 1978இல் அது சுவிட்சர்லாந்தில் அனுமதி பெற்றது. 1988இல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் எவரெட் கூப், நிக்கோட்டின் அடிமையாக்கும் பொருள்தான் என்று தனி அறிக்கையே வெளியிட்டார்.

இதன் பொருள் பெரியது. யாருடைய உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் மட்டுமே ஆறு மாதம், ஓராண்டு என்று தாக்குப்பிடிக்கிறார்கள். ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் அந்த வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. அப்படியானால் இது சிகிச்சை. சிகிச்சை என்றால் அதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவு யாருடையது?

விழுப்புரம் சொன்ன உண்மை

இந்தக் கேள்வி புதுச்சேரிக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சென்னையைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து அதை லான்செட் இதழில் வெளியிட்டனர். 1990களின் பிற்பகுதியில் நிகழ்ந்த 43,000 ஆண்களின் மரணங்கள் அதில் ஆராயப்பட்டன. நகர்ப்புறத்துக்குச் சென்னையும், கிராமப்புறத்துக்கு விழுப்புரம் மாவட்டமும் எடுத்துக்கொள்ளப்பட்டன. விழுப்புரம் வேறெங்கோ இல்லை. புதுச்சேரியைச் சுற்றியிருக்கும் மாவட்டம்தான்.

மேலை நாடுகளில் புகை என்றால் புற்றுநோய், மாரடைப்பு என்பார்கள். இங்கே காசநோயும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் மரணத்துக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே மார்பு நோய் மருத்துவர் முன்னால் உட்காரும் நோயாளிக்குக் காசநோய் மாத்திரை எவ்வளவு முக்கியமோ, பீடியை விட உதவுவதும் அவ்வளவு முக்கியம். காசநோய் மாத்திரையை அரசு இலவசமாகத் தருகிறது. பீடியை விட உதவுவதற்கோ நெடுநாள் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. காசநோய்த் திட்டத்தையும் புகையிலைத் தடுப்புத் திட்டத்தையும் இணைக்கும் தேசிய வழிகாட்டுதல் 2017இல்தான் வந்தது.

வெளிநாடுகள் கண்ட விடைகள்

இங்கிலாந்து: 1998 டிசம்பரில் அந்நாட்டு அரசு 'புகை கொல்லும்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 1999 முதல் தேசிய சுகாதாரச் சேவையின் கீழ் புகை நிறுத்த உதவி மையங்கள் ஏழைகள் மிகுந்த பகுதிகளில் தொடங்கி நாடு முழுவதும் பரவின. 2001இல் நிக்கோட்டின் மாற்று மருந்துகளையும் மருத்துவர் சீட்டில் எழுதலாம் என்று ஆனது. செலவு அரசின் வரிப்பணம்.

அமெரிக்கா: அங்கே எல்லாமே ரசீதுதான். ஒவ்வொரு மருத்துவச் செயலுக்கும் ஓர் எண் உண்டு. எண் இருந்தால்தான் காப்பீடு பணம் தரும். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 2005 மார்ச்சில் புகை நிறுத்த ஆலோசனைக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. புகையால் ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கும், புகையால் மருந்தின் பலன் பாதிக்கப்படுகிறவர்களுக்கும் மட்டுமே அது கிடைத்தது. நோய் வராதவர்களுக்கும் உண்டு என்று 2010இல்தான் விரிவாக்கப்பட்டது. ஓராண்டில் இரண்டு முயற்சி, ஒரு முயற்சிக்கு நான்கு அமர்வு, ஆக எட்டு அமர்வு என்பது கணக்கு.

2008 முதல் இதற்கென இரண்டு நிலையான எண்கள் நடைமுறைக்கு வந்தன. 3 நிமிடத்துக்கு மேல் 10 நிமிடம் வரை பேசினால் 99406. 10 நிமிடத்துக்கு மேல் பேசினால் 99407. இதய மருத்துவரோ நுரையீரல் மருத்துவரோ தன் வழக்கமான கட்டணத்தோடு இதையும் சேர்த்து எழுதலாம். ஆனால் எவ்வளவு நேரம் பேசினார், என்ன பேசினார் என்று நோயாளியின் பதிவேட்டில் குறித்திருக்க வேண்டும். தொகை சிறியதுதான். என்றாலும் மருத்துவர் பேசும் மூன்று நிமிடத்துக்கு முதன்முதலாக ஒரு பெயரும் எண்ணும் கிடைத்தன!

பணம் கொடுப்பதால் பயன் உண்டா என்பதற்கும் சான்று கிடைத்தது. சியாட்டிலில் நடந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், செலவு முழுவதையும் காப்பீடு ஏற்றபோது புகைப்பவர்களில் ஆண்டுக்கு 2.8 சதவீதம் பேர் விடுவார்கள் என்று கணிக்கப்பட்டது. நோயாளியும் பாதிச் செலவை ஏற்க வேண்டிய திட்டத்தில் இது 0.7 சதவீதமாகக் குறைந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டில் 2006 முதல் இந்த உதவி சேர்க்கப்பட்டது. இரண்டரை ஆண்டுகளில் அத்திட்டத்தில் இருந்தவர்களிடையே புகைப்பவர்களின் அளவு 38 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாக இறங்கியது.

பிரான்சு: புதுச்சேரிக்கு நெருக்கமான நாடு இது. பிரான்சின் சமூகப் பாதுகாப்புத் திட்டம் 1945இல் பிறந்தது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. ஆகவே அதன் பின் பிரான்சில் நடந்த மாற்றங்கள் புதுச்சேரியைத் தொடவில்லை. அங்கே 1976இல் வெய் சட்டமும், 1991இல் எவேன் சட்டமும் புகையிலை விளம்பரத்தைக் கட்டுப்படுத்தின. 2007இல் நிக்கோட்டின் மாற்று மருந்துக்கு ஆண்டுக்கு 50 யூரோ வரை காப்பீடு திருப்பித் தந்தது. 2016இல் அது 150 யூரோ ஆனது. பின்னர் 2019 தொடக்கத்திலிருந்து உச்சவரம்பே இல்லாமல், மற்ற மருந்துகளைப் போலவே 65 சதவீதம் திருப்பித் தரப்பட்டது. சீட்டு எழுதும் உரிமையும் மருத்துவரோடு நிற்காமல் செவிலியர், பல் மருத்துவர், மகப்பேறு உதவியாளர் ஆகியோருக்கு விரிந்தது. 2016க்கும் 2017க்கும் இடையில் மட்டும் அந்நாட்டில் தினமும் புகைப்பவர்கள் சுமார் பத்து லட்சம் பேர் குறைந்தனர். வரி, விலை உயர்வு, விளம்பரமில்லா உறை ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. காப்பீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தியக் காப்பீடு: எல்லாம் படுக்கைக்கே

இனி இந்தியாவுக்கு வருவோம். இங்கே காப்பீட்டின் வரலாறு இரண்டு கிளைகளாக வளர்ந்தது.

முதல் கிளை தொழிலாளர் காப்பீடு. 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955இல் கோயம்புத்தூருக்கு வந்தது. நெல்லித்தோப்பை அடுத்த முதலியார்பேட்டைப் பகுதி பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்றது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக் காவலர்கள் சுட்டதில் 12 ஆலைத் தொழிலாளர்கள் உயிர் துறந்ததும், அதன்பின் எட்டு மணி நேர வேலை கிடைத்ததும் புதுச்சேரி நன்கறிந்த வரலாறு. இப்படித் தொழிலாளர் உரிமையில் முன்னோடியான ஊருக்கு இ.எஸ்.ஐ. அந்நியமானதல்ல.

இ.எஸ்.ஐ.யின் சிறப்பு என்ன? படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்ற நிபந்தனை அதில் இல்லை. காய்ச்சலுக்கும் மருந்தகத்தில் போய் மருத்துவரைப் பார்க்கலாம், மருந்து வாங்கலாம். புகைப்பழக்கத்தை விட உதவும் சிகிச்சையும் இப்படி வந்து போகும் நோயாளிக்கான சிகிச்சைதான். அதனால் அது இயல்பாகப் பொருந்தக்கூடிய அமைப்பு இதுவே. ஆனால் இது ஒரு சம்பள வரம்புக்குள் உள்ள தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டும். 2017இல் அந்த வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆட்டோ ஓட்டுபவர், கொத்தனார், பெட்டிக்கடைக்காரர் ஆகியோருக்கு இதில் இடமில்லை. பஞ்சாலைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்து, ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. சங்கு ஒலி நின்றபோது அந்தக் காப்பீட்டின் நிழலும் பலருக்கு நீங்கியது.

இரண்டாம் கிளை மெடிகிளெய்ம். 1986இல் அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இதைத் தொடங்கின. இதன் அடிப்படை விதி, மருத்துவமனையில் படுக்கையில் சேர வேண்டும், பொதுவாக 24 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது. பின்னாளில் வந்த அரசுத் திட்டங்களும் இதே பாதையில்தான் நடந்தன.

1. 2008 – ராஷ்ட்ரிய ஸ்வஸ்திய பீமா யோஜனா. ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்.
2. 2009 – தமிழகத்தில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்.
3. 2018 செப்டம்பர் – ஆயுஷ்மான் பாரத். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். புதுச்சேரியும் இதில் இணைந்தது.

இவை பல லட்சம் குடும்பங்களைக் கடனிலிருந்து காத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் இவை படுக்கையில் சேர்ந்தபின் ஆகும் செலவுக்கான திட்டங்கள். வெளிநோயாளி ஆலோசனையும் போதை மறுவாழ்வும் ஆயுஷ்மான் பாரத்தில் தொடக்கத்திலேயே விலக்கி வைக்கப்பட்டன. புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தால் லட்சக்கணக்கில் பணம் உண்டு. அது வராமல் தடுக்க நூற்றுக்கணக்கில் கேட்டால் இல்லை!

விலக்கு எண் 12

2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி விலக்குகளை எழுதிக்கொண்டிருந்த நிலையை மாற்றி, எல்லாருக்கும் பொதுவான சொற்களை வகுத்தது. அந்தப் பட்டியலில் 12ஆம் எண் விலக்கு, குடிப்பழக்கம், போதைப்பொருள், மற்றும் அடிமையாக்கும் எந்த நிலைக்குமான சிகிச்சையும் அதன் விளைவுகளும் பற்றியது. நிறுவனம் அவற்றுக்குப் பணம் தர வேண்டியதில்லை.

இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

ஒன்று, புகையிலை என்ற சொல் அதில் இல்லை. ஆனால் 1988 முதல் உலகமே நிக்கோட்டினை அடிமையாக்கும் பொருள் என்கிறது. ஆகவே புகையை விடும் சிகிச்சை இந்த விலக்குக்குள் அடங்கிவிடுகிறது. எந்த அறிவியல் உண்மை அமெரிக்காவில் காப்பீட்டின் கதவைத் திறந்ததோ, அதே உண்மை இங்கே கதவைச் சாத்துகிறது.

இரண்டு, 'விளைவுகள்' என்ற சொல். புகைப்பவருக்கு வந்த நுரையீரல் புற்றுநோயை அடிமைத்தனத்தின் விளைவு என்று கூறிப் பணம் மறுக்க முடியுமா? அகமதாபாத்தில் இப்படி மறுக்கப்பட்ட ஒரு வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. புகைக்காதவர்களுக்கும் அந்தப் புற்றுநோய் வருகிறது, இவருக்குப் புகையால்தான் வந்தது என்பதற்குச் சான்றில்லை என்று கூறி, பணம் தரும்படி ஆணையம் தீர்ப்பளித்தது. ஆனால் ஒவ்வொரு நோயாளியும் வழக்குத் தொடுக்க முடியுமா?

இந்த அச்சம் மருத்துவர் அறைக்குள்ளும் நுழைகிறது. கேஸ் ஷீட்டில் 'புகைப்பவர், ஒரு நாளைக்கு ஒரு கட்டு' என்று எழுதினால், நாளை கிளெய்ம் மறுக்கப்படலாம் என்று நோயாளி பயப்படுகிறார். "அதை எழுதாதீங்க டாக்டர்" என்று மனைவி கெஞ்சுகிறார். அமெரிக்காவில் புகைப்பழக்கத்தைப் பதிவேட்டில் எழுதினால்தான் பணம். இங்கே எழுதினால் பணம் போய்விடுமோ என்ற கவலை. எழுதப்படாத பழக்கத்துக்கு யார் சிகிச்சை தருவார்கள்? 2024இல் ஆணையம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பாலிசி வைத்திருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, தகவல் சொல்லவில்லை என்பதற்காகக் கிளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு ஆண்டுகளாக இருந்தது. இது ஓர் ஆறுதல்.

2017இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் வேறொரு வழியைக் காட்டுகிறது. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் புகையிலைக் கோளாறு எஃப் 17 என்ற எண்ணில், மனநலப் பகுதியில்தான் வைக்கப்பட்டது. ஒரு சட்டம் 'கொடு' என்கிறது. ஒரு விலக்கு 'கொடுக்க வேண்டாம்' என்கிறது. இரண்டுக்கும் இடையில் நோயாளி நிற்கிறார்.

இந்தியாவின் விடை: இலவச மையம்

அப்படியானால் இந்தியா எதுவுமே செய்யவில்லையா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. காப்பீட்டு வழியை விட்டுவிட்டு, இலவச மைய வழியை இந்தியா தேர்ந்தெடுத்தது.

2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நாடு முழுவதும் 13 புகையிலை நிறுத்த மையங்கள் தொடங்கப்பட்டன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையமும், பெங்களூரு நிம்ஹான்சும் அவற்றுள் அடங்கும். முதல் ஐந்து ஆண்டுகளில் இம்மையங்களில் 34,000க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். ஆறாவது வாரத்தில் சுமார் 14 சதவீதம் பேர் முற்றிலும் விட்டிருந்தனர். வேறு சிலர் பாதிக்கு மேல் குறைத்திருந்தனர். பெரும்பாலோருக்கு ஆலோசனை மட்டுமே தரப்பட்டது; மருந்தும் பெற்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

2003இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2004இல் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை இந்தியா ஏற்றது. புகையிலையை விட விரும்புவோருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்பது அதன் 14ஆம் பிரிவு. 2007–08இல் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. மாவட்ட அளவில் நிறுத்த மையம் அமைப்பதும் அதன் பணி. 2008 அக்டோபர் 2 அன்று, அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, பொது இடங்களில் புகைக்கத் தடை நடைமுறைக்கு வந்தது. 2016இல் 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி உதவி தொடங்கியது. 2018இல் நிம்ஹான்சும் அதில் சேர்ந்து தென்னிந்திய மொழிகளிலும் ஆலோசனை கிடைக்க வழி பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் அந்த எண் சிகரெட், பீடி உறைகளிலேயே அச்சிடப்பட்டது. பல் மருத்துவக் கல்லூரிகளில் நிறுத்த மையம் அமைக்கும் வழிகாட்டுதலும் 2018இல் வெளியானது. 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோட்டின் மாற்று மருந்தும் இடம்பெற்றது.

இலவச வழியின் பெருமை, காசில்லாதவருக்கும் கதவு திறந்திருப்பது. அதன் குறை, நோயாளி தேடிப் போக வேண்டும் என்பது. தொலைபேசியில் ஆலோசனை கிடைக்கும், மருந்து கிடைக்காது. நிக்கோட்டின் சூயிங்கத்தைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒரு நாளைக்குத் தேவையான சூயிங்கத்தின் விலை ஒரு பீடிக்கட்டின் விலையைப் போலப் பல மடங்கு. அதாவது ஏழைக்குப் பீடியைக் குடிப்பது மலிவு; விடுவதுதான் செலவு!

நெல்லித்தோப்பிலிருந்து பார்த்தால்

மருத்துவ வசதியில் புதுச்சேரி பின்தங்கிய ஊர் அல்ல. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியைத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் ஜிப்மர், நெல்லித்தோப்பிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கோரிமேட்டில் இருக்கிறது. அரசு மார்பு நோய் மருத்துவமனையும் அப்பகுதியில்தான். 2016–17ஆம் ஆண்டின் தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் புதுச்சேரியின் புகையிலைப் பயன்பாடு, நாட்டின் சராசரியான 28.6 சதவீதத்தை விட மிகக் குறைவாகவே இருந்தது.

ஆனால் அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொன்னது. நாட்டில் புகைப்பவர்களில் 55 சதவீதம் பேர் விடத் திட்டமிடுகிறார்கள் அல்லது விட எண்ணுகிறார்கள். மருத்துவரிடம் சென்றவர்களில் பாதிப் பேருக்குத்தான் "விட்டுவிடு" என்ற அறிவுரையே கிடைத்தது. விட நினைப்பவர் இருக்கிறார். மருத்துவரும் எதிரில் இருக்கிறார். இருவருக்கும் நடுவே இருக்க வேண்டிய பத்து நிமிடம்தான் இல்லை.

தனியார் இதய மருத்துவரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருக்கிறார்கள். ஒருவருக்கு வாங்கும் ஃபீஸ் ஒன்றே. புகையை விடப் பத்து நிமிடம் பேசினாலும் அதே ஃபீஸ், பேசாவிட்டாலும் அதே ஃபீஸ். எக்கோ எடுத்தால் தனி ரசீது உண்டு, பேசினால் இல்லை. இது ஒரு மருத்துவரின் மனக்குறையல்ல; பணம் எந்த வழியாக ஓடுகிறதோ அந்த வழியாகவே நேரமும் ஓடுகிறது.

இந்த நிலையில் நாட்டுக்கு ஆகும் இழப்பு சிறியதா? 2017–18இல் புகையிலையால் வந்த நோய்களாலும் மரணங்களாலும் நாட்டுக்கு ஏற்பட்ட பொருளாதாரச் சுமை 1,77,341 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. புகையிலையால் கிடைத்த கலால் வரி அதில் எட்டில் ஒரு பங்கு அளவே!

முடிவுரை

நானூறு ஆண்டுகளுக்கு முன் அரண்மனை வைத்தியர் சொன்ன அறிவுரை மன்னருக்கு இலவசமாகக் கிடைத்தது. இன்று அதே அறிவுரை, மருந்தும் முறையான ஆலோசனையும் சேர்ந்த ஒரு சிகிச்சையாக வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்து வரிப்பணத்திலும், அமெரிக்கா ரசீது எண்ணிலும், பிரான்சு மருந்துச் சீட்டிலும் அதற்கு இடம் கொடுத்தன. இந்தியா இலவச மையத்தில் இடம் கொடுத்தது. ஆனால் மக்கள் அதிகம் செல்லும் நிபுணர் அறையிலும், அவர்கள் நம்பும் காப்பீட்டு அட்டையிலும் இடம் கொடுக்கவில்லை.

வழிகள் இல்லாமலில்லை. விலக்கு எண் 12இல் 'புகையிலையை விடுவதற்கான சிகிச்சை நீங்கலாக' என்று ஒரு வரி சேர்க்கலாம். ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சைக்கு அரசுத் திட்டம் நிர்ணயிக்கும் மொத்தத் தொகைக்குள், புகைப்பவருக்கு ஒரு மாத மருந்தையும் மூன்று ஆலோசனை அமர்வையும் சேர்க்கலாம். நோயாளி படுக்கையில் இருக்கும்போதே அவற்றைத் தொடங்கிவிடலாம். இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் இதற்கென ஒரு மேசை போடலாம். பழக்கத்தை மறைக்காமல் சொன்னவருக்குத் தண்டனை இல்லை, உதவி உண்டு என்ற நம்பிக்கையைத் தரலாம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வெள்ளம் வந்தபின் வீடு கட்டித் தர லட்சங்கள் தரும் காப்பீடு, அணைக்குச் சில நூறு ரூபாய் தரும் நாள் எதுவோ, அன்றுதான் அந்த நீண்ட ரசீதில் விடுபட்டுப்போன ஒரு வரி எழுதப்படும்.